சாணி நிறமும் சரியான விடைதான்

(விழுப்புரம் மாவட்டம், வல்லம் ஒன்றியத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர்களும், ஆசிரியர் பயிற்றுநர்களும், என்னைப் போல ஒன்று முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தும் சக ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் கடைசியில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்.

வண்ணக் கலவை பற்றி வகுப்பில் செய்த ஒரு செயல்பாட்டைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். செயல்பாட்டுக்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொருள் விளங்காது.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை வண்ணங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு, மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை, சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. நாம் எல்லோரும் படித்ததுதான். அன்று பிள்ளைகளுக்கு வாட்டர் கலரைக் கொடுத்து, மூன்றையும் கலந்து பார்க்கச் சொன்னேன். ஆரஞ்சு வந்தது, பச்சையும் வந்தது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வந்து தாளை நீட்டினான்.

"டீச்சர், எனக்கு ஊதா வரல. சாணி மாதிரி வருது."

பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். கொஞ்சம் கறுப்பும் கொஞ்சம் பழுப்புமாக இருந்தது. "பிரஷைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாய், போய் மறுபடி செய்" என்று அனுப்பினேன். மறுபடியும் அதே நிறம். மணி அடிக்கும் நேரம். அவன் தாளில் அந்தப் பழுப்பு வட்டத்துக்குக் கீழே நானே ‘ஊதா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நோட்டைத் திருத்தும்போது அவனுடைய பக்கத்தில் அழகான ஊதா வட்டம் ஒன்று இருந்தது. கலந்து வந்த நிறம் அல்ல அது. ஊதாக் கிரையானை எடுத்து அழுத்தித் தீட்டியிருந்தான். முதல் நாள் தாளைக் கிழித்துவிட்டான் போலிருக்கிறது, காணவில்லை. கீழே ‘சிவப்பு + நீலம் = ஊதா’ என்று என் கையெழுத்தைப் போலவே எழுதியிருந்தான்.

வேறு யாருடைய நோட்டாவது இப்படி இருந்திருந்தால் ‘மிக நன்று’ என்று போட்டிருப்பேன். அன்று பேனா ஓடவில்லை. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, டீச்சருக்குப் பிடித்த விடையை எழுத ஏழு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறான். கற்றுக்கொடுத்தவள் நான்.

அன்று இரவு அதே வண்ணப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், பிரஷை மூன்று முறை கழுவி, நல்ல தண்ணீரில் கலந்து பார்த்தேன். சாணி நிறம்தான் வந்தது.

மறுநாள் வகுப்பில், "முந்தாநாள் நான் சொன்னது தப்பு. இந்தச் சிவப்பையும் இந்த நீலத்தையும் கலந்தால் ஊதா வரவில்லை. நானும் வீட்டில் செய்து பார்த்தேன்" என்றேன். அறை அமைதியாகிவிட்டது. அந்தப் பையன்தான் கேட்டான்: "அப்ப சார்ட்டுல போட்டது தப்பா டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் நான் கற்றதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எந்தச் சிவப்பு?

சார்ட்டில் ‘சிவப்பு’ என்று ஒரு சொல்தான் இருக்கிறது. பெட்டியில் இருக்கும் சிவப்போ பலவகை. தக்காளிச் சிவப்பு, செங்கல் சிவப்பு போன்றவற்றில் மஞ்சள் சாயல் உள்ளுக்குள் இருக்கிறது. அந்தச் சிவப்போடு நீலத்தைச் சேர்க்கும்போது நாம் இரண்டு வண்ணங்களைக் கலப்பதாக நினைக்கிறோம், உண்மையில் மூன்றும் கலந்துவிடுகின்றன. மூன்று முதன்மை வண்ணங்களும் சேர்ந்தால் பழுப்பு. பையனுக்கு வந்தது அதுதான்.

அதே பெட்டியில் ரோஸ் வண்ணம் இருந்தால் அதை எடுத்து நீலத்தோடு கலந்து பாருங்கள். வாடாமல்லிப் பூவின் பக்கம் சாய்ந்த ரோஸாக இருந்தால் இன்னும் நல்லது. தெளிவான கத்தரிப்பூ நிறம் கிடைக்கும். அதில் மஞ்சள் சாயல் இல்லாததுதான் காரணம்.

அச்சகத்தாருக்கு இது பழைய செய்தி. அவர்கள் வழக்கமான சிவப்பையும் நீலத்தையும் பயன்படுத்துவதில்லை. மெஜந்தா என்ற ரோஸ், சயான் என்ற வெளிர் நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளில்தான் வண்ணப் படங்களை அச்சடிக்கிறார்கள். செய்தித்தாளின் ஓரத்தில் நான்கு வண்ணங்களில் சிறு புள்ளிகளோ கட்டங்களோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்த நான்கு மைகள். பாடநூலில் இருக்கும் படத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை இலை முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள், நீலப் புள்ளிகள் தெரியும். என் வகுப்பில் ஒரே ஒரு கண்ணாடிதான். ஒரு பாடவேளை முழுக்க அது கைமாறிக்கொண்டே இருந்தது.

ஆக, சார்ட் பொய் சொல்லவில்லை. அது சுருக்கிச் சொல்கிறது. எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பையனுக்கு இப்படித்தான் பதில் சொன்னேன்: "சார்ட்டுல இருக்கற சிவப்பு வேற, உன் பெட்டியில இருக்கற சிவப்பு வேற. உன் பெட்டியில வந்தது நீ சொன்னதுதான்."

எது ஊதா?

இன்னொரு சிக்கல் சொல்லில் இருந்தது. நம் பக்கத்து வீடுகளில் பலரும் நீலத்தையே ஊதா என்கிறார்கள். ‘ஊதாப் பேனா’ கேட்டால் கடைக்காரர் நீலப் பேனாதான் எடுத்துத் தருவார். பாடநூல் ‘ஊதா’ என்று சொல்வது கத்தரிப்பூ நிறத்தை. வீட்டுப் பேச்சோடு வரும் பிள்ளையின் காதில் நம் வாக்கியம் எப்படி விழும்? சிவப்பும் ஊதாவும் சேர்ந்தால் ஊதா! பிள்ளை விழிப்பதில் வியப்பென்ன?

இப்போதெல்லாம் நான் வண்ணத்தின் பெயரை முதலில் சொல்வதில்லை. கலந்து முடித்ததும், "இது எது மாதிரி இருக்கு?" என்றுதான் கேட்பேன். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயத் தோல், மயில்கழுத்து, அரக்கு என்று வந்து விழும். அம்மாவின் புடவைகளிலிருந்தும் வீட்டுத் தோட்டத்திலிருந்தும் வரும் சொற்கள் இவை. அவற்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதைப் புத்தகத்தில் ஊதா என்று போட்டிருக்கிறது, இதைச் செம்மஞ்சள் அல்லது ஆரஞ்சு என்கிறார்கள்" என்று பிறகு சேர்ப்பேன். ஒரு பாடவேளையில் தமிழ்ப் பாடமும் பாதி முடிந்துவிடும்.

சொட்டுக் கணக்கு

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். செலவு அதிகமில்லை. தண்ணீர் பாட்டில் மூடிகள், கழுவிய மருந்துப் புட்டியின் ஃபில்லர்கள், கலக்க ஈர்க்குச்சிகள், துடைக்கப் பழைய துணி. வண்ணங்களை முன்கூட்டியே தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்கிறேன். மெழுகுக் கிரையான் இதற்கு உதவாது. அது ஒன்றின் மேல் ஒன்று படியுமே தவிர நன்றாகக் கலக்காது.

எப்போதும் மஞ்சளில் தொடங்க வேண்டும். மஞ்சள் மெலிந்த வண்ணம், நீலம் வலிய வண்ணம். மூடியில் 6 சொட்டு மஞ்சள் விட்டு, 1 சொட்டு நீலம் சேர்த்தாலே பச்சை வந்துவிடும். 2, 3 என்று கூட்டக் கூட்டப் பச்சை கறுத்துக்கொண்டே போகும். மாறாக, நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் சொட்டுச் சொட்டாக விட்டும் ஒன்றும் மாறாதது போலிருக்கும். பிள்ளைகள் பொறுமை இழந்து மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவார்கள். இதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு பிள்ளையும் தாளில் சொட்டுகளைப் புள்ளியாக வைக்க வேண்டும். ஆறு மஞ்சள் புள்ளி, ஒரு நீலப் புள்ளி, பக்கத்தில் வந்த நிறத்தின் ஒரு தீற்று. எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்துவிடும். அடுத்த நாள் ஒருவர் தாளை இன்னொருவருக்குக் கொடுத்து, "இதே பச்சையைக் கொண்டுவா" என்பேன். புள்ளிகளைச் சரியாக எண்ணியிருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. வராதபோது அவர்களுக்குள் நடக்கும் சண்டையைக் கேட்க வேண்டும். "நீ பெரிய சொட்டா விட்டுட்ட!" என்று ஒரு பிள்ளை சொன்னால், அளவீட்டைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில் பாதியை அதுவே சொல்லிவிட்டது.

தாளின் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று ‘சார்ட்டில் இருப்பது’, மற்றொன்று ‘நான் பார்த்தது’. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாவது கட்டத்தில் பிள்ளை உண்மையை எழுதியிருந்தால் மதிப்பெண் உண்டு.

மஞ்சளும் சுண்ணாம்பும்

ஒரு நாள் ஒரு சிறுமி கேட்டாள்: "மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தா வெளிர் மஞ்சள்னு சொன்னீங்க. எங்க வீட்ல ஆலம் கரைக்கறப்ப மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டா செவப்பா வருதே?"

எத்தனை வருடங்களாக ஆரத்தித் தட்டைப் பார்த்திருக்கிறோம், இந்தக் கேள்வி நமக்கு வந்ததா? அங்கே நடப்பது வண்ணக் கலவை இல்லை. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் சுண்ணாம்பின் காரத்தன்மையால் வேறு நிறமாக மாறுகிறது. அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். வாட்டர் கலரில் கலந்த பச்சையை இப்படித் திரும்ப மஞ்சளாக்க முடியாது. சட்டையில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதனால்தான்.

சின்னப் பிள்ளைகளிடம் காரம், அமிலம் என்றெல்லாம் நான் பேசவில்லை. "சில சமயம் இரண்டு நிறம் கலக்கும், சில சமயம் பொருளே மாறிவிடும்" என்று மட்டும் சொன்னேன். ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் தடவிய தாளும் சோப்புத் தண்ணீரும் போதும்.

நீல இலைகள்

வண்ணத்தைக் குழைத்துத்தான் கலக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகவும் வைக்கலாம். மிட்டாய் சுற்றி வரும் நீலக் கண்ணாடித்தாளின் மேல் மஞ்சள் தாளை வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தால் பச்சை தெரியும்.

இந்த வித்தையில் நம் ஊர்க்காரர்கள் உலகப் புகழ் பெற்றிருந்தார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து பூவேலை வரைந்த பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. நீலத்துக்கு அவுரி. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அவுரி பெருமளவில் பயிரானது. சிவப்புக்குச் சாயவேர். பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது. இலை வர வேண்டிய இடத்தை முதலில் அவுரியில் நீலமாக்கி, கடைசியில் அதன்மேல் மஞ்சள் சாயத்தைத் தீட்டுவார்கள். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கரையில் இருந்தவர். துணி வரைபவர்களிடம் கேட்டறிந்து, இந்தத் தொழிலின் படிகளை 1742-இல் ஒரு நீண்ட கடிதமாகத் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார்.

அவுரி நீலம் நிலைக்கும். மேலே தீட்டிய மஞ்சள் வெயிலிலும் காலத்திலும் வெளுத்துவிடும். அதனால் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உள்ள அந்தத் துணிகள் பலவற்றில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. படத்தைக் காட்டி "இலை ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டேன். கண்ணாடித்தாள் வைத்து விளையாடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "மேல இருந்த மஞ்சத் தாளை யாரோ எடுத்துட்டாங்க" என்றது. இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

வேறு விதமாகப் பார்க்கும் பிள்ளை

‘நான் பார்த்தது’ கட்டத்தைத் தொடர்ந்து படித்துவந்தால் இன்னொன்றும் நம் கண்ணில் படலாம். ஒரு பிள்ளை பச்சையையும் பழுப்பையும் எப்போதும் மாற்றி எழுதலாம், இலையைப் பழுப்பாகத் தீட்டலாம். கவனக்குறைவு என்று நாம் திட்டிவிடுகிறோம். சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத பார்வைக் குறைபாடு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. பெண்களைவிட ஆண்களுக்கு இது பல மடங்கு அதிகம். பலருக்கு ரயில்வே வேலைக்கோ காவல்துறைக்கோ மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போதுதான் இது தெரியவருகிறது. அதுவரை பள்ளியில் ‘கலர் கூடத் தெரியாதவன்’ என்ற பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

நாம் மருத்துவர்கள் இல்லை, பெயர் சூட்ட வேண்டாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் பெற்றோரிடமும் சொல்லலாம். கிரையான்களில் பெயர் எழுதிய துண்டுத்தாளை ஒட்டிவைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளை பார்த்ததைப் பொய் என்று சொல்லாமல் இருக்கலாம்.

பாறைக்கு என்ன நிறம்?

செஞ்சிக் கோட்டைக்கு நாம் எல்லோரும் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். 2025-இல் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். திரும்பி வந்து வரையச் சொன்னால் பிள்ளைகள் என்ன வரைகிறார்கள்? இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், மலைக்குப் பச்சை. ராஜகிரியை இப்போதுதான் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், அது முக்கோணமும் இல்லை, முழுப் பச்சையும் இல்லை. குண்டு குண்டாகப் பாறைகள், அவற்றில் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள், இடுக்குகளில் மட்டும் செடிகள்.

போன முறை நாங்கள் போனபோது பிள்ளைகள் சின்னத் தாள்களோடும் மூடிகளோடும் வந்தார்கள். அடிவாரத்தில் நிழலில் உட்கார்ந்து, "இந்தப் பாறையின் நிறத்தைக் கொண்டுவாருங்கள்" என்றேன். எந்தப் பெட்டியிலும் அந்த நிறம் இல்லை. சிவப்பு, நீலம், கொஞ்சம் மஞ்சள், நிறையத் தண்ணீர் என்று கலந்து கலந்து பார்த்தார்கள். அந்தப் பையனின் தாளைப் பார்த்தேன். அன்றைக்கு வந்த அதே சாணி நிறத்தில் பாறையைத் தீட்டியிருந்தான். பக்கத்துப் பிள்ளைகள் அவனிடம், "எத்தனை சொட்டுடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘நான் பார்த்தது’ கட்டத்தில் ‘பாற’ என்று எழுதியிருந்தான். ‘பாறை’ என்று நான் திருத்தினேன், நிறத்தைத் தொடவில்லை.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள். ஒளியைப் பற்றி நீங்கள் பாடம் நடத்தும்போது சிவப்பு, பச்சை, நீலம் முதன்மை என்று சொல்வீர்கள். எங்களிடம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று படித்துவிட்டு வந்த பிள்ளை குழம்பும். "சின்ன வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்" என்று கடந்து போகாதீர்கள். சாயம் ஒளியை விழுங்குகிறது, சேரச் சேர இருள்கிறது. ஒளி ஒன்றோடொன்று கூடுகிறது, சேரச் சேர வெளுக்கிறது. வெள்ளைத் திரை காட்டும் கைபேசியில் ஒரு சிறு துளித் தண்ணீர் விட்டு உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். எங்கள் மூடிகளையும் உங்கள் துளியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைக்கு இரண்டும் நிற்கும்.

நான் பெரிதாக எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை. அந்தச் சார்ட் இன்னும் என் வகுப்புச் சுவரில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் பிள்ளைகளின் ‘நான் பார்த்தது’ தாள்களை ஒட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் கலவை செய்யப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் மாலை பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் அதே பெட்டியில் ஒருமுறை நீங்களே கலந்து பாருங்கள். என்ன நிறம் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.